சமரசர் மேல் புகார் கொடுக்க முடியுமா?

ஏற்காட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொல்கிறேன். உங்கள் தங்கையின் விவாகரத்து வழக்கை நீதிமன்றம் சமரசத்துக்கு, அதாவது சமரசர் என்ற நடுநிலையாளர் முன் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் முறைக்கு அனுப்பியது. மூன்று முறை மலையிறங்கி வந்தீர்கள். முதல் முறை சமரசர் தங்கையைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். அப்போது தங்கை சொன்ன தொகை அடுத்த அமர்வில் மாப்பிள்ளை வீட்டார் வாயிலிருந்து அப்படியே வந்தது. மூன்றாவது முறை, "கொடுக்கறத வாங்கிட்டுப் போம்மா, கேஸ் நடத்துனா பத்து வருஷம் இழுக்கும்" என்று சமரசர் அதட்டினார். அதற்கப்புறம்தான் அவர் மாப்பிள்ளையின் வக்கீலிடம் முன்பு ஜூனியராக இருந்தவர் என்று உங்களுக்குத் தெரிந்தது. இவர் மேல் எங்கே புகார் கொடுப்பது, இவருடைய சான்று ரத்தாகுமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது. உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்களே, அப்படியென்றால் புகாரே கொடுக்க முடியாதா? என்னைக் கேட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான். இந்தப் பயத்திலேயே பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

நான் சேலத்தில் 20 வருடத்துக்கு மேலாக வக்கீல். 40 மணி நேரப் பயிற்சி முடித்து, நீதிமன்றத்தின் சமரசர் பட்டியலில் சேர்ந்து சமரசராகவும் இருக்கிறேன், பெரும்பாலும் குடும்ப வழக்குகளில். உங்கள் வழக்குக் கட்டை நான் பார்க்கவில்லை, அந்தச் சமரசர் பக்கத்தையும் கேட்கவில்லை. அதனால் அவர் தவறு செய்தாரா என்று சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னபடி நடந்திருந்தால் எது குற்றம், எது இல்லை, எந்தக் கதவைத் தட்டுவது என்பதைச் சொல்ல முடியும்.

ரகசியக் கையெழுத்து எதற்கென்றால், சமரச அறையில் ஒருவர் விட்டுக்கொடுத்துப் பேசியதை நாளைக்கு வழக்கில் அவருக்கு எதிராகவே எடுத்து வைக்கக் கூடாது என்பதற்கு. "ஜீவனாம்சமாக இவ்வளவு தருகிறேன் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டாரே" என்று யாரும் நீதிபதியிடம் சொல்லக் கூடாது. சமரசரே எழுதக் கூடாது. உடன்பாடு ஏற்பட்டால் ஒப்பந்தத்தை அனுப்ப வேண்டும், ஏற்படாவிட்டால் ஏற்படவில்லை என்று மட்டும் எழுத வேண்டும், யார் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூடக் கூடாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. இந்தக் காப்பு கட்சிக்காரர்களுக்காக ஏற்பட்டது. சமரசருடைய நடத்தையை அவரைக் கண்காணிக்கிற அதிகாரியிடம் சொல்வதை அது தடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. 2023ஆம் வருடத்து சமரசச் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. சமரசரின் தொழில் முறைகேடு பற்றிய புகாரை நிரூபிக்கவோ மறுக்கவோ தேவைப்படும் தகவலை ரகசியக் காப்பு மறைக்காது என்கிறது 23ஆம் பிரிவு. குடும்ப வன்முறை, குழந்தை மீதான கொடுமை பற்றிய தகவலுக்கும் ரகசியக் காப்பு கிடையாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தச் சட்டம் மொத்தமாக ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. 9.10.2023 அன்று சில பிரிவுகளைத்தான் அமலாக்கினார்கள், இந்தப் பிரிவு அந்த முதல் பட்டியலில் இல்லை. ஆகவே "23ஆம் பிரிவின்படி" என்று மனுவை ஆரம்பிக்காதீர்கள். பழைய விதிகளே உங்களுக்குப் போதும்.

அந்தப் பழைய விதிகள் பிறந்ததில் நம்மூருக்குப் பங்கு உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1999லும் 2002லும் செய்த திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பச் சொல்லும் 89ஆம் பிரிவும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். 2002 அக்டோபரில் ஒரு தீர்ப்பு, 2005 ஆகஸ்டில் இன்னொன்று. இடையில், ஓய்வுபெற்ற நீதிபதி ஜெகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழு அமைத்து, சமரசத்துக்கான மாதிரி விதிகளை எழுத வைத்தார்கள். உயர் நீதிமன்றங்கள் அவற்றை ஒட்டித்தான் தங்கள் விதிகளை வகுத்தன. இன்றைக்கும் இந்தியா முழுக்க வக்கீல்கள் அந்த வழக்கை "சேலம் பார் கேஸ்" என்றுதான் சொல்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ்நாடு சமரச மையம் 9.4.2005 அன்று தொடங்கியது. ஒவ்வொரு ஏப்ரல் 9ஆம் தேதியும் கோர்ட் வளாகங்களில் சமரச தினம் என்று துண்டுப் பிரசுரம் கொடுப்பார்களே, அதற்கு இதுதான் காரணம். அந்தப் பிரசுரங்களில் சமரசத்தின் நன்மைகள் எல்லாம் இருக்கும். சமரசர் தவறினால் என்ன செய்வது என்றும் நாலு வரி போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மாதிரி விதிகளில் ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கான காரணங்கள் இருக்கின்றன. ஒழுக்கக் கேடான குற்றத்துக்கு அவர் மேல் குற்றச்சாட்டு பதிவாகி நிலுவையில் இருப்பது, தண்டனை பெற்றது, சமரசம் நடக்கும்போது சமரசருக்குத் தகாத விதத்தில் நடந்துகொண்டது, இப்படி. நீக்குவதற்கு முன் அவரை அழைத்துக் கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது. உள்ளே நடந்ததைச் சொல்லக் கூடாது என்றால் "சமரசம் நடக்கும்போது தகாத நடத்தை" என்ற காரணத்தை யார் எப்படி விசாரிப்பது? அதனால்தான் புகாருக்குத் தடையில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன். நல்லெண்ணத்தோடு செய்த எதற்கும் சமரசர் மேல் வழக்குப் போட முடியாது என்று ஒரு பாதுகாப்பும் அவருக்கு உண்டு. அந்த "நல்லெண்ணத்தோடு" என்ற சொல் அங்கே சும்மா இல்லை.

இனி உங்கள் மூன்று குறைகளுக்கு வருகிறேன். நீங்கள் தொகை கசிந்ததை முதலில் வைத்திருக்கிறீர்கள், ஜூனியர் விஷயத்தைக் கடைசியில். நான் எழுதினால் தலைகீழாக வைப்பேன்.

தனி அமர்வில் ஒருவர் "இதை அவங்ககிட்ட சொல்லாதீங்க" என்று சொன்னதைச் சொல்லிவிடுவது, இந்த வேலையில் இருப்பதிலேயே பெரிய துரோகம். ஆனால் நிரூபிக்கக் கடினமானதும் அதுதான். தங்கை அந்தத் தொகையைத் தன் வக்கீலிடம் சொல்லியிருக்கலாம். வராந்தாவில் நீங்களே அம்மாவிடம் சொன்னது பக்கத்து பெஞ்சுக்குக் கேட்டிருக்கலாம். கெட்ட எண்ணமே இல்லாமலும் கசியும், என் கையிலேயே நடந்திருக்கிறது. சமரசராகி மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ. தனி அமர்வில் அந்தப் பெண் 12 லட்சத்துக்குக் குறைந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். குறிப்பேட்டில் 12 என்று எழுதி ஒரு வட்டம் போட்டேன். பிறகு இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். குறிப்பேடு மேஜை மேல் திறந்தபடி கிடந்தது. அதுவரை 15 வரை யோசிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த கணவர், சட்டென்று, "12க்கு மேல ஒரு ரூபா கிடையாதுங்க" என்றார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தத் தாளைப் பார்த்தார். அன்றைக்கே நடந்ததை எழுதிக் கொடுத்து அந்த வழக்கிலிருந்து விலகினேன். அதற்குப் பிறகு தனி அமர்வுக் குறிப்பை அவரவர் கண் முன்னாலேயே கிழித்துப் போடுகிறேன். இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் தங்கையின் தொகையும் இப்படி வெளியே போயிருக்க வழி உண்டு. அது கவனக்குறைவு, விற்றுவிட்டால் அது வேறு. இரண்டையும் விசாரிக்கத்தான் வேண்டும், ஆனால் தண்டனை ஒன்றாக இருக்க முடியாது. புகாரில் "விலை போய்விட்டார்" என்று எழுதாதீர்கள். எந்தத் தேதியில் தங்கை யாரிடம் என்ன சொன்னார், அடுத்த அமர்வில் யார் வாயிலிருந்து எந்தச் சொல்லில் அது வந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

அதட்டல் இன்னும் சிக்கலானது. வழக்கு நடத்தினால் எவ்வளவு காலம், எவ்வளவு செலவு, கேட்கிற தொகைக்கு ஆதாரம் இருக்கிறதா என்றெல்லாம் கட்சிக்காரரிடம் கேட்டு யோசிக்க வைப்பது எங்கள் பயிற்சியிலேயே உள்ளது. கேட்பவருக்கு அது கசப்பாகத்தான் இருக்கும். "பத்து வருஷம் இழுக்கும்" என்ற ஒரு வரியை மட்டும் வைத்து எந்த நீதிபதியும் யாரையும் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. ஆனால் முடிவெடுப்பது கட்சிக்காரர்கள் மட்டுமே, சமரசர் எதையும் திணிக்கக் கூடாது என்று விதி அழுத்தமாகச் சொல்கிறது. தங்கையிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். அவர் "வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்ன பிறகும் சமரசர் எழுந்துபோக விடாமல் பேசினாரா? "ஒத்துக்கலைன்னா நான் ஜட்ஜுக்கு எழுதிடுவேன்" என்ற மாதிரி ஏதாவது சொன்னாரா? இரண்டாவதைச் சொல்லியிருந்தால் அதில் விவாதமே இல்லை. சமரசருக்கு இல்லாத அதிகாரத்தைக் காட்டி மிரட்டியது அது.

ஜூனியர் விஷயம்தான் உங்கள் கையில் இருக்கும் வலுவான பிடி. சேலம் கோர்ட்டில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்தான். யாரிடமும் ஜூனியராக இருக்காத வக்கீல் யார்? ஆகவே முன்பு ஜூனியராக இருந்தது தவறில்லை. சொல்லாமல் உட்கார்ந்ததுதான் தவறு. தன் நடுநிலையைப் பற்றி நியாயமான சந்தேகம் வரக்கூடிய எதையும் சமரசர் ஆரம்பத்திலேயே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. "நான் இவர் ஆபீசில் இத்தனை வருடம் இருந்தேன், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா" என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. இதற்குச் சாட்சியும் தேவையில்லை. இரண்டு பேர் பெயரும் சேர்ந்திருக்கும் பழைய வக்காலத்து ஒன்று கிடைத்தால் போதும். மாப்பிள்ளைக்கோ அவர் குடும்பத்துக்கோ இவர் ஏதாவது வழக்கில் ஆஜரானவர் என்றால் விஷயம் இன்னும் கனம். கட்சிக்காரருக்கு ஆஜரான வக்கீலை அந்த வழக்கில் சமரசராகவே போட முடியாது என்று மாதிரி விதி சொல்கிறது. மாறாக, 10 வருடத்துக்கு முன்பு ஆறு மாதம் மட்டும் ஜூனியராக இருந்தவர் என்றால், முடிவு எப்படி வரும் என்று சொல்வது கடினம். விசாரிக்கிறவரின் பார்வையைப் பொறுத்தது அது.

தொகை குறைவாகப் பேசினார், எதிர்த்தரப்பிடம் ஒரு மணி நேரமும் எங்களிடம் 20 நிமிஷமும் பேசினார், கடைசியில் ஒன்றும் முடியவில்லை என்பதெல்லாம் முறைகேடு ஆகாது. அவற்றைப் புகாரில் சேர்த்தால் மற்ற மூன்றும் பலவீனப்படும்.

புகாருக்கு முன் வழக்கைப் பாருங்கள். சமரசம் இன்னும் முடியவில்லை என்றால், வழக்கை அனுப்பிய நீதிமன்றத்திலேயே தங்கையின் வக்கீல் மூலமாக ஒரு மனு போட்டு, வேறு சமரசரிடம் மாற்றித் தரவோ வழக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ கேளுங்கள். உள்ளே நடந்ததை அதில் விவரிக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுடனான தொடர்பை முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்ற ஒரு காரணம் போதும். சமரசத்தில் தொடரச் சொல்லி யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் போட்ட கையெழுத்தை அழிப்பது பெரும்பாடு. 2023 சட்டம் சமரச ஒப்பந்தத்தை எதிர்க்கச் சொல்லும் காரணங்கள் மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், சமரசத்துக்கே பொருந்தாத வழக்கு ஆகிய நான்குதான். அதட்டி வாங்கினார் என்பது தனிக் காரணமாக அதில் இல்லை. ஏற்கெனவே போட்டிருந்தாலும், பரஸ்பர சம்மத விவாகரத்தில் இறுதி உத்தரவு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொஞ்சம் பணமும் வாங்கிய பிறகு பின்வாங்கினால் நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. அந்த நிலை என்றால் முதலில் உங்கள் வக்கீலிடம் பேசுங்கள்.

புகார் மாவட்ட சமரச மையத்துக்குப் பொறுப்பான முதன்மை மாவட்ட நீதிபதிக்கு எழுத வேண்டும். நகல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு சமரச மையத்துக்கு. இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. வழக்கு எண், அமர்வுத் தேதிகள், அறையில் யார் யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே. மாப்பிள்ளை உள்ளே எதை ஒப்புக்கொண்டார், எதற்கு அழுதார் என்பதெல்லாம் வரவே கூடாது, ஏனென்றால் அது அவருடைய ரகசியம். மூடிய உறையில் கொடுங்கள். ஊர் குரூப்பிலும் முகநூலிலும் போடாதீர்கள். போட்டால் ரகசியத்தை மீறியது நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். குடும்பநல நீதிமன்றத்தில் கவுன்சலிங் செய்பவர் சமரசர் அல்ல. அவர் 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்தின்படி வருபவர், குறையிருந்தால் அந்த நீதிபதியிடமே சொல்ல வேண்டும். மகளிர் காவல் நிலையத்தில் இரு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுவதும் சமரசம் ஆகாது. உங்கள் தங்கை முன் உட்கார்ந்தவர் யார் என்பதை, வழக்கு அனுப்பிய உத்தரவில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பணம் ஏதாவது கேட்டாரா என்றும் பாருங்கள். நீதிமன்றச் சமரச மையத்தில் கட்சிக்காரர் யாருக்கும் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. கேட்டிருந்தால் அது வேறு தரத்துக் குற்றம், அன்றைக்கே மாவட்ட நீதிபதியிடம் போக வேண்டியது.

அவர் வக்கீல் என்பதால், வக்கீல்களைக் கண்காணிக்கிற பார் கவுன்சிலுக்கும் போகலாம் என்று யாராவது சொல்லுவார்கள். 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவு "தொழில் சார்ந்த அல்லது பிற முறைகேடு" என்று அகலமாகவே சொல்கிறது. கண்டனம், தொழில் செய்யத் தற்காலிகத் தடை, பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு, உத்தரவு பிடிக்காதவர் 60 நாளில் இந்திய பார் கவுன்சிலுக்கு மேல்முறையீடு போகலாம். ரகசியத்தை வேண்டுமென்றே கொடுத்தது நிரூபணமானால் "பிற முறைகேடு" என்பதற்குள் அது வரும் என்பது என் கருத்து. அதட்டியது வராது. மாவட்ட நீதிபதி என்ன சொல்கிறார் என்று பார்த்த பிறகு அங்கே போவது நல்லது.

சான்று ரத்தாகுமா என்று கேட்டீர்கள். பட்டியலிலிருந்து நீக்க முடியும், நீக்கினால் நீதிமன்றம் அவருக்கு வழக்கு அனுப்பாது. பல நேரம் அவ்வளவு தூரம் போகாமல், சத்தமில்லாமல் அவருக்கு வழக்கு ஒதுக்குவதை நிறுத்திவிடுவார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. புகார் கொடுத்தவருக்குத் தான் சொன்னது எடுபட்டதா என்று தெரியாமல் போகிறது. தவறே செய்யாத சமரசருக்கு தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாமல் போகிறது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் குடும்ப வழக்குச் சமரசர் என்றே தனிச் சான்று உண்டு, அந்த மாநில உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி. புகாரைப் பார்க்கத் தனி ஒழுங்கு வாரியம் இருக்கிறது. முதலில் ஒரு சிறு குழு புகாரில் அடிப்படை உண்டா என்று பார்க்கும், இருந்தால் தனி அமர்வு விசாரிக்கும், கண்டனத்திலிருந்து சான்று ரத்து வரை போகும். உள்ளே பேசியதைப் புகாருக்காக வெளியிடலாம், ஆனால் விசாரிக்கிற அமைப்பின் உள்பயன்பாட்டுக்கு மட்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் 2023 சட்டமும் இந்திய சமரச மன்றம் என்ற அமைப்புக்கு ஒழுக்க நெறிகளை வகுக்கவும், பதிவை நிறுத்தி வைக்கவும், ரத்து செய்யவும் அதிகாரம் கொடுக்கிறது. அது முழுதாக நடைமுறைக்கு வந்தால், உங்களைப் போன்றவர்கள் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிப் பதில் எதிர்பார்க்க முடியும்.

கடைசியாக, புகாரில் கையெழுத்துப் போட வேண்டியது உங்கள் தங்கை. நீங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர். அறைக்குள் நடந்தது அவருக்கு நடந்தது. அப்பா அம்மா எதிரில் கேட்காமல், தனியாகக் கேளுங்கள், புகார் கொடுக்க அவருக்கு விருப்பமா என்று. வேண்டாம் என்றால் சமரசரை மாற்றக் கேட்பதோடு விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால், நினைவு மங்குவதற்குள் அவரே தன் கையால் ஒரு தாளில் எழுதட்டும், நீங்கள் திருத்தாதீர்கள். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் 1987 சட்டப்படி அவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் மனு எழுத வக்கீல் தருவார்கள். அடுத்த வாய்தாவுக்கு இறங்கும்போதே அந்தத் தாளையும், வழக்கு அனுப்பிய உத்தரவின் நகலையும் எடுத்து வாருங்கள். புகார் கொடுக்கிற இடத்தில் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.